பெரியம்மா கேட்ட கேள்வி

எங்கள் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஏறினால் முதலில் வரும் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிற கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு அது என்ன வார்த்தை என்றுகூடத் தெரியாது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் அது. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரே ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த ஸ்டேஷன் வந்தால் அம்மா முந்தானையால் தன் மூக்கையும் என் மூக்கையும் மூடுவாள். ரயில் கிளம்பி பச்சைமலை பின்னால் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். டி.பி. என்ற இரண்டு எழுத்தைக்கூட வீட்டில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். 'அந்த வியாதி' என்பார்கள். பிறகு மருந்துகள் வந்தன. 1950களின் கடைசியில் இதே சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி, காசநோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் போனது. பயம் போன பிறகுதான் பெயரைச் சொல்லத் தொடங்கினோம்.

இன்னொரு நோய் இருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் முணுமுணுத்ததுகூட இல்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். எழுபது வயது தாண்டிய ஓர் ஆம்பிளை மார்பகத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அந்தக் கூச்சத்துக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

1976. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு பெரியப்பா தாம்பரத்துக்கு வந்தார். 'மாரில் கட்டி' என்று அவர் அம்மாவிடம் மட்டும் சொன்னார். எனக்கு 'உடம்பு சரியில்லை, அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீ கூட்டிட்டுப் போ' என்றுதான் தகவல். மறுநாள் காலை மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து பஸ். பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். இடது கையை மட்டும் மடியிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கை வீங்கியிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்குப் பெரியம்மா 'போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில பார்த்தேன்' என்றாளாம். இரண்டு வருஷம்! முதலில் சுண்டைக்காய் அளவு இருந்திருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததால் வியாதி இல்லை என்று நினைத்திருக்கிறாள். பிறகு மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறாள், பற்றுப் போட்டிருக்கிறாள். தோல் உடைந்து நீர் வடிய ஆரம்பித்தபிறகுதான் பெரியப்பாவுக்கே தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது ரயிலில் அவளிடம் நான் கோபமாகக் கேட்டேன். 'ஏன் பெரியம்மா இத்தனை நாளா சொல்லல?'

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, 'யார்கிட்டடா சொல்றது இத?' என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. ஊர் டாக்டர் ஆண். பெரியப்பாவிடம் அவள் தன் தலைவலியைக்கூடச் சொன்னதில்லை. என் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குப் பார்க்கிற தங்கையிடம் பத்துப் பேர் நடுவே எப்படிச் சொல்வது? சிகிச்சை கொடுத்தார்கள், கதிர் வைத்தார்கள், புண் ஆறியது. ஒன்றரை வருஷம் இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

அடையாறு ஆஸ்பத்திரியின் கதையைப் பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த ஆஸ்பத்திரியே ஒரு தங்கையின் சாவிலிருந்து பிறந்தது என்று.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நமக்கெல்லாம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்காகவும் ஔவை இல்லத்துக்காகவும் தெரியும். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927-ல் சட்ட மேலவை உறுப்பினராகி அதன் துணைத் தலைவராகவும் ஆனவர். இப்படிப்பட்டவரின் வீட்டிலேயே, 1920களின் தொடக்கத்தில், அவருடைய தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே டாக்டர் இருந்தும் நோய் பிடிபடவில்லை. அந்த வேதனை அவரை விடவேயில்லை. 1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே இருந்த மருத்துவமனையைப் பார்த்தார். நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்தவர் அதைக் கட்டி முடிக்க கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் வெளிப்படையாகச் சொன்னார். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். அரசிடம் போனபோது கிடைத்தது உதாசீனம்தான். சாகப்போகிற நோயாளிக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்கிற கேள்வியை அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டார்கள் என்று அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருஷம் அவரோடு வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. அரசுப் பெண்கள் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு, கூரைக்கொட்டகையோடு இருந்த அந்த இடத்துக்கு வந்தார். 2021 ஜனவரியில் கண்மூடும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டே விஷயம். புற்றுநோய் என்றால் மரணம் என்று பயப்படாதீர்கள். சீக்கிரம் வாருங்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. பயப்படுகிறவர் தாமதமாக வருகிறார். தாமதமாக வந்தவர் இறந்துபோகிறார். அவர் இறந்ததைப் பார்த்த அக்கம்பக்கம் இன்னும் பயப்படுகிறது. என் பெரியம்மா செத்த பிறகு அந்தக் கிராமத்தில் இன்னும் எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டார்களோ!

பயத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1811-ல் ஃபேன்னி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்குப் பாரிஸில் மார்பகத்தை அகற்றினார்கள். மயக்க மருந்து என்ற ஒன்றே அப்போது கிடையாது. முழு நினைவோடு அதைத் தாங்கினார். பிறகு தன் அக்காவுக்குக் கடிதமாகவும் எழுதினார். அதற்குப் பின் 28 வருஷம் வாழ்ந்தார் என்பது வேறு கதை. மயக்க மருந்து வந்த பிறகு, 1880களிலும் 90களிலும் அமெரிக்காவில் ஹால்ஸ்டட் என்ற அறுவை மருத்துவர் மார்பகம், அதற்கு அடியில் உள்ள தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய எண்பது வருஷம் உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நெஞ்சு குழிந்து, கை வீங்கிய பெண்களைப் பார்த்தவர்கள் 'கத்தி வைத்தால் இப்படித்தான்' என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டவர் பெர்னார்ட் ஃபிஷர். 1970களில் அமெரிக்காவில் அவர் தொடங்கிய சோதனைகளும், இத்தாலியில் வெரோனேசி நடத்திய சோதனையும் ஒரே முடிவைத்தான் காட்டின. கட்டி சிறியதாக இருக்கும்போது அதையும் சுற்றியுள்ள கொஞ்சம் பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால், மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களைப் போலவே உயிர் வாழ்கிறார்கள். 1985 வாக்கில் இது உறுதியாகிவிட்டது. ஆனால் 'சிறியதாக இருக்கும்போது' என்ற நிபந்தனை இருக்கிறதே, அதை நிறைவேற்றுவது டாக்டர் கையில் மட்டும் இல்லை.

சரி, சிறியதாக இருக்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, குறிப்பிட்ட முறைப்படி, வட்டம் வட்டமாகத் தடவிப் பாருங்கள் என்று ஒரு காலத்தில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் வேலை பார்த்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இதைக் கற்றுக்கொடுத்து, பத்து வருஷம் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. கற்றுக்கொண்டவர்களுக்குத் தேவையில்லாத பயாப்ஸிகள்தான் கூடியிருந்தன.

அப்படியானால் கவனிப்பதே வீண் என்று சிலர் அவசரப்பட்டுச் சொன்னார்கள். அது தப்பு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருஷம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த பெண்களில், நோய் முன்கூட்டிய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கையும், 'ஏதாவது மாற்றம் இருக்கா அம்மா?' என்று அவள் கேட்கிற கேள்வியும்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் இப்போது டாக்டர்கள் சொல்வது எளிமையாகிவிட்டது. தேதி வைத்து, சடங்கு மாதிரி தடவிப் பார்க்கத் தேவையில்லை. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் உங்கள் உடம்பின் வழக்கமான தோற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் போய்க் காட்டுங்கள்.

இப்போது என் சொந்தக் குற்றத்தைச் சொல்கிறேன்.

2007 ஐப்பசி. மகள் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமாகி, பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. ஒரு ராத்திரி என் மனைவி, 'வலது பக்கம் ஏதோ கெட்டியா தட்டுப்படுதுங்க' என்றாள். பெரியம்மாவை ரயிலில் அழைத்துப்போன அதே நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வலிக்குதா?' என்று கேட்டேன். இல்லை என்றாள். 'அப்ப ஒண்ணும் இருக்காது. கல்யாணம் முடியட்டும், நிதானமா காட்டலாம்' என்றேன். முப்பது வருஷத்தில் நான் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை.

நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தாள். புற்றுநோய்தான், ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. கட்டியை எடுத்தார்கள், கதிர் வைத்தார்கள், ஐந்து வருஷம் மாத்திரை. மணப்பெண்ணின் அம்மாவாக மேடையில் நின்றாள். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் இருந்து 'காபி ஆறுது' என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் அதே மகள் போன் செய்து, தனக்கும் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று அழுதாள். அப்போது அவளுக்கு 29 வயது. அன்றே போகச் சொன்னோம். அம்மாவுக்கு இருந்ததால் கூடுதல் பயம். ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்துச் சோதித்து, இளம் வயதில் சாதாரணமாக வருகிற ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டி என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில் மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். நீர் கோத்த கட்டி, கொழுப்புக் கட்டி, மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வீக்கம் என்று பல வகை. ஆனால் எது எந்த வகை என்பதை நாம் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இத்தனை வருஷத்தில் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பேத்திக்குச் சொல்வது போல, எழுதி வைக்கிறேன்.

மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி அல்லது தடிப்பு. ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது. தோலில் குழி விழுவது, அல்லது ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஆவது. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பிலிருந்து தானாக நீரோ ரத்தமோ கசிவது. காம்பைச் சுற்றி ஆறாத சொறி அல்லது புண். காரணம் தெரியாமல் சிவந்து வீங்குவது. இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். வலி இருக்கிறதா இல்லையா என்பதை அளவுகோலாக வைக்கவே கூடாது. மாதவிலக்குக்கு முன் இரண்டு பக்கமும் வலித்துப் பிறகு போவது பெரும்பாலும் ஹார்மோன் விஷயம். வலிக்காத கட்டியைத்தான் கவனிக்க வேண்டும்.

மாதவிலக்கு நிற்காத இளம் பெண்ணுக்கு லேசான தடிப்பு என்றால் அடுத்த மாதவிலக்கு முடியும்வரை பார்க்கலாம், அதற்கு மேல் இருந்தால் போக வேண்டும். மாதவிலக்கு நின்றவர் காத்திருக்கவே வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்குக் காய்ச்சலோடு பால் கட்டிக்கொள்வது சகஜம். மருந்து சாப்பிட்டும் ஓரிரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும். 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை' என்பதும் சமாதானம் ஆகாது. இந்த நோய் வருகிற பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ஆண்களுக்கும் அபூர்வமாக வரும், நமக்கும் காம்புக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டால் இதே விதிதான்.

போனால் என்ன செய்வார்கள்? கையால் பார்ப்பார்கள். இளம் வயது என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், நாற்பதை ஒட்டியோ அதற்கு மேலோ என்றால் மேமோகிராமும் சேர்த்து. சந்தேகம் இருந்தால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவும் என்பது வெறும் கட்டுக்கதை, அதை நம்பி ஓடிப்போனவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு இதையும் பார்க்கிறார்கள். பெண் டாக்டரோ நர்ஸோ வேண்டும் என்று கேட்கலாம், அதில் வெட்கமில்லை. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் நம் தாம்பரத்திலிருந்து ஒரு பக்கம் ரயிலேறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் கிண்டியில் இறங்கினால் அடையாறு.

1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் அதிகம் காணப்பட்டது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். அதனால் இது யாரோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவைக்க முடியாது.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் பேரன் மனைவி, என் மனைவியைத் தனியாகத் திண்ணைக்கு அழைத்துப்போய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த மனைவி, 'நாளைக்கு அவ நம்மளோட தாம்பரம் வர்றா, டாக்டர்கிட்ட காட்டணும்' என்று எல்லோர் முன்னாலும் சாதாரணமாகச் சொன்னாள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேரன், 'நானும் வர்றேன் தாத்தா' என்றான்.

அது நீர்க்கட்டிதான். ஊசியில் உறிஞ்சி எடுத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.